மீன் சட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம்

"ஆதிமனிதன் நெருப்பைப் பழக்கினான், கல்லைக் கூர்தீட்டினான் என்றால் அது பெரிய விஷயம் என்று புரிகிறது. மண்பானைக்கு என்ன அவ்வளவு மரியாதை? தண்ணீர் மோந்து வைக்க ஒரு பாத்திரம், அவ்வளவுதானே? அகழாய்வில் ஓட்டுச் சில்லு கிடைத்தது என்று ஏன் இத்தனை கொண்டாட்டம்?" இதுதான் கேள்வி.

கேட்டவர் பானையைத் தண்ணீர்ப் பாத்திரமாகப் பார்க்கிறார். நாம் எல்லோருமே முதலில் அப்படித்தான் பார்ப்போம். ஆனால் தண்ணீர் மோந்து வைக்க மனிதனுக்குப் பானை தேவைப்படவே இல்லை. சுரைக்குடுக்கை இருந்தது, தோல் பை இருந்தது, மூங்கில் இருந்த ஊரில் மூங்கில் குழாய் இருந்தது. இவை எல்லாம் பானையை விட லேசு, கீழே விழுந்தாலும் லேசில் உடையாது. இவற்றால் முடியாத ஒரே வேலையைப் பானை செய்தது: அடுப்பில் ஏறி உட்கார்ந்தது. அதன் முக்கியத்துவம் முழுக்க அந்த ஒரு வேலையிலிருந்து பிறந்தது என்பது என் கட்சி. மற்றதெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தவை.

இதைச் சொல்ல எங்கள் வீட்டுச் சட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் அப்பத்தா வீட்டில் மீன் குழம்புக்கென்றே ஒரு சட்டி இருந்தது. அதில் வேறு எதுவும் வைக்க மாட்டார்கள். புதுச் சட்டி வாங்கி வந்தால் நேராக அடுப்பில் ஏற்றவும் மாட்டார்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போடுவார்கள், அப்புறம் வடிகஞ்சியை ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பழக்கிய பிறகுதான் குழம்பு. ஏன் என்று கேட்டால் "சட்டி பழகணும்ல" என்பதற்கு மேல் பதில் வராது. நடப்பது இதுதான்: சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். கஞ்சியின் மாவு அந்தத் துளைகளில் புகுந்து அடைக்கிறது. ஆனாலும் முழுக்க அடைவதில்லை. ஒவ்வொரு முறை குழம்பு கொதிக்கும்போதும் மீனின் கொழுப்பு கொஞ்சம் சட்டியின் சுவருக்குள் போய்த் தங்கிவிடுகிறது. சாம்பல் போட்டு எத்தனை தேய்த்தாலும் வாடை போகாததற்கு அதுதான் காரணம். அந்தச் சட்டியில் பால் காய்ச்சினால் என்ன ஆகும் என்று எங்கள் அத்தை ஒருமுறை அவசரத்தில் செய்து காட்டினார். அன்று வீட்டில் யாரும் காபி குடிக்கவில்லை.

இந்த வாடையை வைத்து ஒரு ஆய்வுத் துறையே வளர்ந்திருக்கிறது. பழைய ஓட்டுச் சில்லின் சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பொடியாக்கி, கரைப்பானில் போட்டு, உள்ளே ஊறிக் கிடக்கும் கொழுப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். அது மீன் கொழுப்பா, ஆடு மாட்டின் கொழுப்பா, பால் கொழுப்பா, செடியின் மெழுகா என்று சொல்லிவிட முடிகிறது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் இதில் முன்னோடி. கொழுப்பு அமிலங்களில் இருக்கும் கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது எடையில் மட்டும் சற்று மாறுபடும் கார்பன் அணுக்களின், விகிதத்தை அளந்தால், ஒரே மாட்டின் இறைச்சிக் கொழுப்பையும் பால் கொழுப்பையும் கூடப் பிரித்துச் சொல்லலாம். அப்பத்தாவின் மூக்கு செய்த வேலைதான், கருவி மட்டும் பெரிது.

2013இல் இந்த முறையை ஜப்பானின் மிகப் பழைய பானைகள் சிலவற்றில் செய்து பார்த்தார்கள். 13 இடங்களிலிருந்து 101 பானைகளில் ஒட்டியிருந்த கரிப்பற்றை எடுத்துச் சோதித்தார்கள். பானைகளின் வயது சுமார் 15,000 ஆண்டிலிருந்து 11,800 ஆண்டு வரை. பெரும்பாலானவற்றில் கிடைத்தது நீர்வாழ் உயிர்களின் கொழுப்பு, அதாவது மீன் வகையறா. ஆக இப்படிச் சோதித்துப் பார்த்த அந்தப் பழைய சமையல் சட்டிகளில் பெரும்பகுதி மீன் சட்டிகள்தான்.

அந்த ஜப்பானியப் பானைகளுக்கு ஜோமோன் பானைகள் என்று பெயர். பெயர் வந்த கதை சுவாரசியமானது. 1877இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். ஒமோரி என்ற இடத்தில் ரயில் பாதைக்காக வெட்டிய மேட்டில் கிளிஞ்சல்கள் அடுக்கடுக்காகத் தெரிவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கிளிஞ்சல் பற்றிப் படித்தவர் அவர். கண் சும்மா இருக்குமா? திரும்பி வந்து தோண்டினார். அது பழங்கால மனிதர்கள் தின்றுவிட்டுப் போட்ட கிளிஞ்சல் குப்பை மேடு. அதில் கிடைத்த பானை ஓடுகளின் மேல் கயிற்றை அழுத்தி உருட்டிய தடம் இருந்தது. கயிற்றுத் தடம் என்பதற்கான ஜப்பானியச் சொல்தான் ஜோமோன். கடைசியில் ஒரு காலகட்டம் முழுவதற்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

ஜோமோன் வரிசையிலும் ஆகப் பழையது ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவின் வடகோடியில் அவோமோரி மாவட்டத்தில் ஓதாய் யமாமோட்டோ என்ற இடத்தில் கிடைத்தது. மொத்தம் 46 சில்லுகள், எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள், கயிற்றுத் தடம்கூட இல்லாத வெறும் ஓடு. அதில் ஒட்டியிருந்த கரியைச் சோதித்தபோது சுமார் 16,500 ஆண்டு என்று வந்தது. சீனாவில் இதை விடப் பழையது இருக்கிறது. ஜியாங்ஸி மாகாணத்தில் சியான்ரெண்டோங் என்ற குகையில் கிடைத்த ஓடுகளின் காலம் சுமார் 20,000 ஆண்டு என்று 2012இல் அறிவித்தார்கள். அந்த ஓடுகள் பலவற்றின் வெளிப்புறத்தில் தீய்ந்த கரித்தடம் இருந்தது. அதாவது அவை அடுப்பில் ஏறிய பானைகள்.

இருபதாயிரம் ஆண்டு என்றால் என்ன காலம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பனியூழி உச்சத்தில் இருந்த நேரம். நெல் கிடையாது, கோதுமை கிடையாது, ஆடு மாடு வளர்ப்பு கிடையாது. வேட்டையாடியும் மீன் பிடித்தும் கிழங்கு தோண்டியும் அலைந்த கூட்டங்கள் பானை செய்திருக்கின்றன. ஏர் பூட்டுவதற்குப் பத்தாயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே பானை வந்துவிட்டது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நான் படித்த காலத்தில்கூடப் பாடப்புத்தகம் வேறு மாதிரிதான் சொன்னது. விவசாயம் வந்தது, மனிதன் ஓரிடத்தில் தங்கினான், தானியம் மிஞ்சியது, சேர்த்து வைக்கப் பானை செய்தான் என்று ஒரு ரயில்வண்டித் தொடர். தொல்லியலாளர் கோர்டன் சைல்ட் காலத்திலிருந்து வந்த பார்வை அது. புதிய கற்காலப் புரட்சி என்ற ஒரே மூட்டையில் விவசாயம், ஊர், பானை எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள். கிழக்காசியாவில் பானை முன்னால் வந்து மூட்டையை அவிழ்த்தது. மேற்காசியாவில் அதற்கு நேர் தலைகீழ். பாலஸ்தீனத்தின் ஜெரிகோவில் 1950களில் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் தோண்டியபோது, கோதுமை பார்லி பயிரிட்டு, மதில் கட்டி, எட்டு மீட்டருக்கு மேல் உயரமான கல் கோபுரம் எழுப்பிய மக்களின் அடுக்குகள் கிடைத்தன. ஆனால் பானை ஓடு ஒன்றுகூட இல்லை! அந்தக் காலத்துக்கு 'பானைக்கு முந்தைய புதிய கற்காலம்' என்றே பெயர் வைக்க வேண்டியதாயிற்று. அங்கே பானை பரவலாக வந்தது கி.மு. 7000 வாக்கில்தான். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மெஹர்கரிலும் இதே கதை. முதலில் பயிரும் கால்நடையும், பானை வெகு பிற்பாடு.

அப்படியானால் மேற்காசியாக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? மாவு அரைத்து ரொட்டி சுட்டார்கள். சுடுவதற்கு அடுப்பு போதும், பானை வேண்டாம். கிழக்கே கொதிக்க வைக்கும் சமையல், மேற்கே சுடும் சமையல் என்று ஆய்வாளர்கள் சிலர் பிரித்துச் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகையான பிரிவினைதான் என்றாலும் அதில் உண்மை இருக்கிறது. சோறும் குழம்பும் சாப்பிடுகிற நமக்கு எந்தப் பக்கம் சொந்தம் என்று சொல்லத் தேவையில்லை.

பானைக்கு முன் மனிதன் எதையுமே கொதிக்க வைக்கவில்லையா என்றால், வைத்தான். கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, தோல் விரித்த குழியிலோ இறுக்கமாகப் பின்னிய கூடையிலோ தண்ணீர் ஊற்றி அதில் போடுவான். தண்ணீர் கொதிக்கும். இன்னொரு கல், இன்னொரு கல் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டில் வெடித்த கற்கள் பழைய வாழிடங்களில் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. ஆனால் இது ஒரு ஆள் முழுநேரமாக நின்று செய்கிற வேலை. பானையைத் தீயில் ஏற்றிவிட்டால் அது பாட்டுக்கு வேகும். நீங்கள் போய் வலை பின்னலாம், பிள்ளையைப் பார்க்கலாம். மணிக்கணக்கில் மெல்லிய தீயில் ஒரு பொருளைத் தண்ணீரில் வேக வைப்பது அதற்குமுன் லேசில் நடக்காத காரியம்.

அது என்ன மாற்றியது? மீனை நெருப்பில் வாட்டினால் அதன் எண்ணெய் சொட்டித் தீயில் போய்விடும். பானையில் போட்டால் ஒரு சொட்டும் வெளியே போகாது. எலும்பை உடைத்துப் போட்டுக் கொதிக்க வைத்தால் மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து எடுக்கலாம். குளிர்நாட்டு வேடனுக்குக் கொழுப்பு என்பது உயிர். அடுத்தது கசப்பும் நஞ்சும். ஜோமோன் மக்கள் தின்ற ஓக் மரக் கொட்டை போன்றவற்றில் நாக்கு இழுத்துக்கொள்ளும் துவர்ப்பு உண்டு. தண்ணீரில் ஊற வைத்து, கொதிக்க வைத்து, தண்ணீரை இறுத்துக் கொட்டி, மறுபடி கொதிக்க வைத்தால் தின்னக்கூடிய மாவாகிவிடும். நம்மூரில் காறல் கிழங்கைப் புளித்தண்ணீரில் வேக வைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெறும் நெருப்பில் சுட்டால் தின்ன முடியாமல் காட்டில் கிடந்தவை, பானை வந்த பிறகு சாப்பாடாயின.

மூன்றாவது, கஞ்சி. இதை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. பல் முளைக்காத குழந்தைக்கும் பல் போன கிழவிக்கும் கொடுக்கக்கூடிய சாப்பாடு பானையில் வெந்ததுதான். தாய்ப்பாலுக்கு அடுத்து மென்மையான உணவு ஒன்று இருந்தால் குழந்தையை முன்கூட்டியே பால் மறக்கச் செய்யலாம். தாய் அடுத்த பிள்ளைக்கு சீக்கிரம் தயாராவாள். மக்கள்தொகை கூடியதில் இதற்கும் பங்கு உண்டு என்று மானுடவியலாளர்கள் வாதிடுகிறார்கள். இதற்கு மனதைத் தொடும் சாட்சி ஒன்று பிற்காலத்திலிருந்து கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் குழந்தைகளின் புதைகுழிகளில் சின்னஞ்சிறு மண் குப்பிகள் இருந்தன. உறிஞ்சுவதற்கு ஒரு மூக்கு, உள்ளங்கையில் அடங்கும் அளவு. கி.மு. 1200க்கும் 450க்கும் இடைப்பட்டவை. நம்மூர்ப் பாலாடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றைச் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். உள்ளே இருந்தது கால்நடைப் பால்.

பாலைப் பற்றி இன்னும் ஒன்று. போலந்தில் குயாவியா பகுதியில் சுமார் 7,000 ஆண்டுப் பழைய ஓடுகளில் வரிசையாகத் துளைகள் போட்டிருந்தார்கள். சல்லடை மாதிரி. இது பாலாடைக்கட்டி வடிகட்டும் பாத்திரமாக இருக்கலாம் என்று பீட்டர் போகுக்கி என்ற தொல்லியலாளர் 1980களிலேயே சொன்னார். நிரூபிக்க வழியில்லாமல் இருந்தது. 2013இல் அந்தத் துளை ஓடுகளிலிருந்து பால் கொழுப்பு எடுத்ததும் அவர் சொன்னது சரியாகிவிட்டது. இதன் சுவையான பக்கம் என்னவென்றால், அந்தக் காலத்து ஐரோப்பியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பச்சைப் பால் குடித்தால் செரிக்காது. பாலைத் திரித்து மோர்த்தண்ணீரை வடித்துவிட்டால் வயிற்றைக் கெடுக்கும் சர்க்கரை பெரும்பாலும் வடிநீரோடு போய்விடும். துளை போட்ட ஒரு சட்டி, செரிக்காத பாலைச் செரிக்கிற உணவாக்கியது.

எல்லா ஊரிலும் மீனும் பாலும்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லிபியாவில் இன்றைக்குப் பாலைவனமாகக் கிடக்கும் இடம் பத்தாயிரம் ஆண்டுக்குமுன் ஏரியும் புல்வெளியுமாக இருந்தது. அங்கே டகர்கோரி போன்ற பாறை நிழல்களில் கிடைத்த பானைகளில் புல் விதைகளும் நீர்ச்செடிகளும் வெந்திருக்கின்றன. மாலி நாட்டில் ஊன்ஜூகூ என்ற இடத்தில் 11,000 ஆண்டுக்கு மேற்பட்ட பானை ஓடுகள் உண்டு. அமேசான் ஆற்றங்கரையில் டப்பரின்யா என்ற கிளிஞ்சல் மேட்டில் 7,000 ஆண்டு தாண்டிய ஓடுகள். ஒருவர் கண்டுபிடித்து உலகம் முழுக்கப் பரவிய பொருள் இல்லை இது. கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று தனித்தனியாக மனிதர்கள் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சேமிப்பு, ஊறல், கள், சாராயம் எல்லாம் பானை வந்த பிறகு தானாக வந்த சொத்து. சீனாவில் ஜியாஹூ என்ற ஊரில் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழைய பானைகளில் அரிசி, தேன், பழம் கலந்து புளிக்க வைத்த பானத்தின் எச்சம் கிடைத்தது. மனிதன் சோற்றுக்கு வழி பண்ணிய கையோடு அதற்கும் வழி பண்ணிவிட்டான், இதில் வியக்க ஒன்றுமில்லை.

சரி, இதைச் செய்வது சுலபமா? களிமண்ணைப் பிடித்து நெருப்பில் போட்டால் பானையாகிவிடுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மாணவனாக இருந்தபோது நாங்கள் நாலு பேர், கையால் வனைந்து திறந்த வெளியில் சுட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். கண்மாய் மண் எடுத்து, மிதித்து, கயிறு கயிறாகத் திரித்து வளையமாக அடுக்கி ஏழு சட்டி செய்தோம். இரண்டு நாள் காய்ந்தது, மேலே தொட்டால் கரகர என்று இருந்தது. விறகை அடுக்கி, வறட்டியைச் சுற்றி வைத்துத் தீ மூட்டினோம். பதினைந்தாவது நிமிடம் தீபாவளி. டப், டப் என்று ஒவ்வொன்றாக வெடித்தன. கடைசியில் தேறியது ஒன்றரைச் சட்டி. சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த எங்களை வேடிக்கை பார்த்த வயசான குயவர் ஒருவர், துண்டு ஒன்றை எடுத்து உடைத்த முகத்தைக் காட்டினார். "உள்ள பச்சையா இருக்கு பாருங்க தம்பி. வெளியில காஞ்சா காஞ்சதா? மணலும் போடல."

மூன்று வாக்கியத்தில் அவர் முழுப் பாடத்தையும் சொல்லிவிட்டார். மண்ணுக்குள் தங்கிய தண்ணீர் நீராவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைப் பிய்த்துக்கொண்டு போகும். மணலோ, நொறுக்கிய பழைய ஓடோ, உமியோ கலந்தால் மண்ணுக்குள் சின்னச் சின்ன வழிகள் கிடைக்கும்; ஆவி அதன் வழியே போய்விடும். காயும்போது மண் அதிகம் சுருங்கிக் கீறல் விடுவதும் குறையும். அடுப்பில் திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது தாங்குவதற்கும் அந்தக் கலப்புதான் துணை. ஆதிகாலத்து ஓடுகளை உடைத்துப் பார்த்தால் இந்தக் கலப்பு கண்ணுக்கே தெரியும்: ஒரு ஊரில் படிகக் கல் பொடி, ஒரு ஊரில் கிளிஞ்சல் தூள், ஒரு ஊரில் வைக்கோல் எரிந்து போன குழிகள். ஒவ்வொன்றும் பல சட்டிகள் வெடித்த பிறகு கற்றுக்கொண்ட பாடமாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் சூடு. களிமண்ணை வெயிலில் எவ்வளவு காய வைத்தாலும் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி சேறாகிவிடும். 500, 600 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கதை மாறும். மண்ணின் மூலக்கூறோடு கட்டுண்டு இருக்கும் நீரே கழன்று போய்விடும். அதற்குப் பிறகு அது மண் இல்லை, திரும்பி மண்ணாகவும் ஆகாது. திறந்த வெளியில் விறகும் வறட்டியும் போட்டுச் சுட்டாலே இந்தச் சூடு கிடைத்துவிடும். கல்லைச் செதுக்கினால் வடிவம்தான் மாறும், கல் கல்லாகவே இருக்கும். மண்ணைச் சுட்டு மனிதன் இயற்கையில் இல்லாத ஒரு பொருளையே உண்டாக்கினான். பிற்காலத்தில் செம்பையும் இரும்பையும் உருக்கியவர்களுக்கு, தீயை அடக்கி ஆளும் வித்தை எங்கிருந்து வந்தது என்று தேடினால் அது பானைச் சூளைப் பக்கம்தான் போய் நிற்கும் என்று நினைக்கிறேன்.

விசித்திரம் என்னவென்றால், மண்ணைச் சுட்டால் கெட்டிப்படும் என்பது பானைக்கு முன்பே தெரியும். செக் நாட்டில் டோல்னி வெஸ்டோனிட்சே என்ற இடத்தில், 25,000 ஆண்டுக்கு மேற்பட்ட சுட்ட மண் பொம்மைகள் கிடைத்தன. 1925இல் கிடைத்த பெண் உருவம் 11 சென்டிமீட்டர் உயரம். அதன் முதுகில் ஒரு சிறு பிள்ளையின் விரல் தடம் இருக்கிறது. வித்தை தெரிந்தும் அவர்கள் பானை செய்யவில்லை. பொம்மை செய்தார்கள், மாமூத் யானை வேட்டைக்குப் போனார்கள், அந்த வித்தை அப்படியே மறைந்தும் போனது. வித்தை கையில் இருந்தால் மட்டும் போதாது, கொதிக்க வைக்க வேண்டிய அவசியமும் வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி ஓட்டுச் சில்லுக்கு வருவோம். ஏன் அதைப் பொறுக்குகிறார்கள்? முதல் காரணம் எளிது. மரம் மக்கும், துணி மக்கும், தோல் மக்கும், இரும்பு துருவேறும், தங்கத்தை எவனாவது உருக்கிவிடுவான். உடைந்த ஓட்டை யாரும் திருட மாட்டார்கள். அதற்கு இனிமேல் ஆவதற்கும் ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் வருடத்துக்கு நாலு சட்டி உடைந்தால் நூறு வருடத்தில் ஒரு தெரு என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். அகழாய்வுக் குழியில் அதைக் கூடை கூடையாக அள்ளி, கழுவி, வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றிலும் குழி எண், அடுக்கு எண் எழுதுவார்கள். அதில் வாய்விளிம்புத் துண்டு கிடைத்தால் தனி மரியாதை. வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த ஒரு தாளின் மேல் அந்தத் துண்டைக் கவிழ்த்து வைத்து, எந்த வளைவோடு பொருந்துகிறது என்று நகர்த்திப் பார்ப்பார்கள். இரண்டு விரல் அகலத் துண்டு, 22 சென்டிமீட்டர் வாயகலம் என்று பானையின் அளவைச் சொல்லிவிடும். உதடு வெளியே மடிந்திருக்கிறதா, உள்ளே சரிந்திருக்கிறதா என்பதில் அது குடமா, சட்டியா, மூடியா என்பது தெரியும். வேலை பழகியவர்கள் பார்த்த உடனே சொல்வார்கள்.

இரண்டாவது காரணம், காலம். பானையின் பாணி மாறிக்கொண்டே இருக்கும், நம் வீட்டு டம்ளர் மாறிய மாதிரி. எகிப்தில் 1890களில் நக்காடா பகுதியில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலத் தொல்லியலாளர் ஆயிரக்கணக்கான புதைகுழிகளைத் தோண்டினார். எழுத்து இல்லை, அரசர் பெயர் இல்லை, எது முந்தையது எது பிந்தையது என்று தெரியவில்லை. ஒரு வகை ஜாடியை அவர் கவனித்தார். சிலவற்றில் கைபிடிக்க ஏதுவாக அலை அலையான பிடி, வயிறு உருண்டை. சிலவற்றில் பிடி சுருங்கி ஜாடி மெலிந்திருந்தது. இன்னும் சிலவற்றில் பிடியே இல்லை, அலைபோல ஒரு கோடு மட்டும் அலங்காரமாக நின்றது. பிடிதான் தேய்ந்து கோடாகியிருக்கும், கோடு வளர்ந்து பிடியாகாது என்று பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு குழியின் பானைகளையும் ஒரு அட்டையில் எழுதி, அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கி வரிசை கண்டார். 1899இல் அதை வெளியிட்டார். வரிசைக்கு 30 என்ற எண்ணிலிருந்துதான் ஆரம்பித்தார். ஏனென்றால் இதைவிடப் பழையது பிற்பாடு கிடைக்கலாம், அதற்கு இடம் விட வேண்டும் அல்லவா! அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் பக்கத்துக்கு வந்தால், திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் புதிய கற்கால மக்களின் சாம்பல் நிறப் பானைகள் கிடைத்தன. அடுத்து வந்த இரும்புக் காலத்தின் அடையாளமே கருப்பு சிவப்புப் பானைதான். உள்ளேயும் வாய்விளிம்பும் மினுமினுக்கும் கருப்பு, வெளியே சிவப்பு. இரண்டு சாயம் பூசினார்களா என்று பலரும் கேட்பார்கள். சாயமே இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்று படும் வெளிப்பக்கத்தில் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். சாம்பலிலும் உமியிலும் புதைந்த வாய்க்கும் உட்புறத்துக்கும் காற்று போகாது, கரி ஏறிக் கருப்பாகும். ஒரே மண், ஒரே தீ. காற்றை எங்கே விடுவது, எங்கே அடைப்பது என்பதுதான் கைவேலை.

அதே மக்கள்தான் இறந்தவரைப் புதைக்கும் பெரிய பெரிய தாழிகளையும் செய்தார்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ, 2004இல் மறுபடி இந்தியத் தொல்லியல் துறை. நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள், உள்ளே எலும்பு, பக்கத்தில் சின்னச் சின்னக் கலயங்கள். அதற்கு அருகே சிவகளையில் தாழி ஒன்றுக்குள் இருந்த நெல்லுமியைச் சோதித்தபோது கி.மு. 1155 என்று வந்தது. போகிறவருக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் குயவரிடம், எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனைந்து கொடு என்று கேட்கிறாள். அந்தப் பாட்டைப் படித்துவிட்டு அருங்காட்சியகத்தில் தாழியின் வாயகலத்தைப் பார்த்தால் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

கடைசியாக, இந்த வாடை ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. மத்திய தரைக்கடல் பக்கத்து ஜாடிகளில் டார்டாரிக் அமிலம் கிடைத்தால், இதில் திராட்சை ரசம் இருந்தது என்று சொல்வது வழக்கம். அந்த அமிலம் திராட்சையில் நிறைய உண்டு. புளியிலும் உண்டு, அதுவும் தாராளமாக. என் அப்பத்தாவின் சட்டி எப்போதோ உடைந்து கொல்லையில் கொய்யா மரத்தடியில் புதைந்து கிடக்கிறது. நாளைக்கு யாராவது அதைத் தோண்டி எடுத்துச் சோதித்தால் மீன் கொழுப்பும் டார்டாரிக் அமிலமும் சேர்ந்து வரும். நம்மூர்ச் சமையல் தெரியாதவர் கையில் அது மாட்டினால், மீனைத் தொட்டுக்கொண்டு திராட்சை ரசம் குடித்தவள் என்று அப்பத்தாவைப் பற்றி எழுதிவிடுவார்.